பத்து நாளுக்கு 7.6 லட்சமா, ஒரு மாதத்துக்கு 6.5 லட்சமா? போர்த்துகல் திராட்சை மலைக்கு ஒரு கணக்கு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது 65. மனைவிக்கு 61. சொந்த ஊர் கம்பம் பக்கம். அப்பா காலத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது, பங்கு பிரிந்து விற்றாயிற்று. போர்த்துகலில் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் மலையையே படிக்கட்டாக வெட்டித் திராட்சை போட்டிருப்பதைப் பார்த்ததிலிருந்து அங்கே போய் அவசரமில்லாமல் சில வாரம் தங்க வேண்டும் என்று ஆசை. முடிந்தால் அறுவடைக் காலத்தில். ஏஜென்ட் ஒருவர் ஆற்றுக் கப்பலோடு சேர்த்து 10 நாளுக்கு இருவருக்கும் 7.6 லட்சம் என்கிறார். என் நிலவரம்: ஓய்வூதியம் மாதம் 52,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம், 2023 இறுதியில் 8.2 சதவீதத்தில் போட்டது. வங்கியில் எஃப்டி 6, 5, 3 லட்சமாக மூன்று ரசீது. ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் 11 லட்சம். வீட்டுச் செலவு 38,000 ஆகும். கடன் கிடையாது, பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள். சேமிப்புத் திட்டத்தை முடித்து எடுக்கவா? மகன் பர்சனல் லோன் போட்டுத் தருகிறேன் என்கிறான், அதை வாங்கவா? அடுத்த செப்டம்பரில் போவது சாத்தியமா?

பதில்: வணக்கம் சார். அடுத்த செப்டம்பருக்கு இன்னும் 13 மாதம் இருக்கிறது. போகலாம். சேமிப்புத் திட்டத்தைத் தொட வேண்டாம், மகனிடம் கடனும் வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருக்கிற பணம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் தவிர. ஓய்வூதியம் 52,000. சேமிப்புத் திட்டத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வட்டி வருகிறது, அதாவது மாதத்துக்கு 20,500. ஆக வரவு 72,500, செலவு 38,000. மீதி 34,500 ரூபாய் மாதா மாதம் எங்கே போகிறது? சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும், பேரன் பேத்திக்குக் கொஞ்சம், கல்யாண மொய்க்குக் கொஞ்சம் போகும் என்று ஊகிக்கிறேன். அதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பயணத்தின் பாதிச் செலவு அந்தக் கணக்கில் வராத பணத்திலேயே இருக்கிறது.

முதலில் நீங்கள் கேட்ட இரண்டு வழிகளையும் பார்த்துவிடுவோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வேண்டிய அளவு மட்டும் எடுக்க முடியாது. ஒரே கணக்காகப் போட்டிருந்தால் முழுக் கணக்கையும் முடிக்க வேண்டும். இரண்டு ஆண்டு தாண்டியிருப்பதால் அசலில் 1 சதவீதம் பிடிப்பார்கள், உங்களுக்கு அது 30,000 ரூபாய். ஆறரை லட்சம் தேவைக்காக 30 லட்சத்தையும் கலைத்து, அபராதம் கட்டி, மிச்சத்தைத் திரும்ப எங்கே போடுவது என்று அலைய வேண்டும். அடுத்து மகனின் கடன். 6 லட்சம், 12 சதவீதம், மூன்று ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 19,929 ரூபாய். முடியும்போது வட்டி மட்டும் 1.17 லட்சம். அது கிட்டத்தட்ட ஒரு ஆளின் விமானச் சீட்டும் அதற்கு மேலும்.

கடனில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஷெங்கன் விசாவுக்கு, அதாவது போர்த்துகல் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவுக்கு, வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் திடீரென்று 6 லட்சம் வந்து விழுந்திருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும் கணக்குதான் நல்ல சாட்சி. போர்த்துகல் கேட்கும் கைப்பணக் கணக்கு நபருக்கு ஒரு நுழைவுக்கு 75 யூரோ, அதோடு நாளொன்றுக்கு 40 யூரோ. 27 நாளுக்கு இருவருக்கும் 2,310 யூரோ ஆகிறது. உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே அது தெரிய வேண்டும். எஃப்டி ரசீது, ஓய்வூதிய ஆணை, வருமான வரிக் கணக்கு மூன்றையும் கூட வையுங்கள்.

இனி செலவுக்கு வருகிறேன். யூரோவை 110 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். நீங்கள் கிளம்பும்போது நாலைந்து ரூபாய் ஏறியிருந்தாலும் திட்டம் உடையாத மாதிரி கையிருப்பு விட்டிருக்கிறேன்.

மெதுவாகச் சுற்றுவது என்றால் பலர் பத்து ஊரை ஒரு மாதத்தில் பார்ப்பது என்று நினைக்கிறார்கள். அதில் காசு மிஞ்சாது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் டாக்ஸி, ஒரு நாள் வீண், ஓட்டலில் சாப்பாடு, ஒரு இரவுக்கான முழு வாடகை எல்லாம் சேர்கிறது. ஒரே இடத்தில் பெட்டியை இறக்கி, சமையலறை உள்ள வீட்டை வாரக் கணக்கில் எடுத்தால்தான் செலவு இறங்கும். டோரு இதற்குத் தோதான இடம், ஏனென்றால் அங்கே ஆற்றை ஒட்டியே ரயில் போகிறது.

போர்ட்டோ நகரத்தில் 3 இரவு, ரேகுவாவில் 12, பின்யாவில் 8, திரும்பும்போது போர்ட்டோவில் மறுபடி 3. மொத்தம் 26 இரவு. ரேகுவாவில் ஏன் அதிக நாள்? அது கொஞ்சம் பெரிய ஊர். சூப்பர் மார்க்கெட் உண்டு, மருந்துக்கடை உண்டு, டோரு அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது, வாடகையும் குறைவு. பின்யாவ் சின்ன ஊர். திராட்சை மலைகளுக்கு நட்ட நடுவில் இருக்கிறது, அதற்கான விலையையும் வாங்குவார்கள். ரேகுவாவிலிருந்து பின்யாவுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. எட்டு நாள்கூட வேண்டாம், ஐந்து போதும் என்று தோன்றினால் மீதியை ரேகுவாவில் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த வித்தியாசம் கையில் நிற்கும்.

என் மதிப்பீட்டில் ரேகுவாவில் இரவுக்கு 60 யூரோ, பின்யாவிலும் போர்ட்டோவிலும் 85 யூரோ. அப்படிப் பார்த்தால் தங்கும் செலவு 1,910 யூரோ, சுமார் 2.1 லட்சம். விமானம் இருவருக்கும் 1.7 லட்சம். இந்தியாவிலிருந்து போர்த்துகலுக்கு நேரடி விமானம் இல்லை, வளைகுடா வழியாகவோ ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகவோ மாறிப் போக வேண்டும். லிஸ்பனில் இறங்குவதைவிட நேரே போர்ட்டோவில் இறங்கும்படி பாருங்கள். விசாவுக்கு ஒருவருக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் கட்டணம், கைரேகை வைக்கச் சென்னைக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 30,000. பயணக் காப்பீடு 15,000. சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இருவருக்கும் 35 யூரோ, 27 நாளுக்கு 1.04 லட்சம். உள்ளூர் ரயில், டாக்ஸி 28,000. படகு, அருங்காட்சியகம், கின்டா எனப்படும் திராட்சைப் பண்ணைகளைப் பார்ப்பது 33,000. கூட்டினால் 5.9 லட்சம். எதிர்பாராததற்கு 60,000 வைத்தால் 6.5 லட்சம்.

ஏஜென்ட்டின் கணக்கில் ஒரு நாளுக்கு 76,000 ரூபாய் ஆகிறது, இதில் 24,000. ஏஜென்ட்டைக் குறை சொல்லவில்லை சார். கப்பலில் ஏறினால் பெட்டி தூக்க வேண்டாம், மொழி தெரிய வேண்டாம். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் நீங்கள் திராட்சைக்கொடிக்குப் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறீர்கள், கப்பலோ பெரும்பாலான நேரம் ஆற்றின் நடுவில் போகும். இன்னொன்று, அவர் சொன்ன 7.6 லட்சத்தில் ஜிஎஸ்டியும், பணம் கட்டும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியான டிசிஎஸ்ஸும் அடக்கமா என்று கேட்டீர்களா? வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் உண்டு. அதன் விகிதத்தைப் பட்ஜெட்டில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் பணம் கட்டும் அன்றைய விகிதத்தை எழுத்தில் வாங்குங்கள். அது வரிக்கணக்கில் திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் அதுவரை உங்கள் கையில் இருக்காது. நீங்களே தனித்தனியாக விமானம், வீடு என்று பதிவு செய்து, ஃபாரக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் கார்டு) யூரோ ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சம் வரை அனுப்பினால் டிசிஎஸ் கிடையாது, உங்கள் தேவை அதற்குள் அடங்கிவிடுகிறது.

அறுவடை. இதுதான் உங்கள் கேள்வியில் விலை உயர்ந்த வார்த்தை. கம்பத்தில் கவாத்து வெட்டுவதைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி, ஏறக்குறைய ஆண்டு முழுக்கவே பழம் வந்துகொண்டிருக்கும். டோருவில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. விந்திமா என்பார்கள். செப்டம்பரில் சூடுபிடித்து அக்டோபர் தொடக்கத்தில் முடியும், வெயிலைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். அந்தச் சில வாரத்தில் வீட்டு வாடகை எகிறும், பண்ணைகளில் இடம் கிடைக்காது. அறுவடையை முழுதாகப் பார்க்க நினைத்தால் நான் போட்ட தங்கும் செலவில் இன்னும் கால்வாசி கூட்டிக்கொள்ள வேண்டும்.

என் யோசனை, செப்டம்பர் 20 வாக்கில் போர்ட்டோவில் இறங்குங்கள். 23-ஆம் தேதி ரேகுவா. அறுவடையின் கடைசிப் பத்து நாள் கிடைக்கும், அப்புறம் அக்டோபரில் கூட்டம் குறையும், இலைகள் சிவந்து மஞ்சளாகும், பின்யாவுக்குப் போகும்போது வாடகையும் இறங்கியிருக்கும். ஆகஸ்டு வேண்டவே வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்கில் 'ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்' என்று ஒரு பேச்சு உண்டு. 40 டிகிரியைத் தாண்டும் வெயில் நமக்குப் புதிதல்ல, ஆனால் காசு கொடுத்துப் போய்க் காய வேண்டுமா?

சில பண்ணைகளில் அறுவடை நாள் என்று ஒரு நிகழ்ச்சி விற்கிறார்கள். கத்தரியும் கூடையும் தருவார்கள், ஒரு மணி நேரம் பழம் வெட்டி, சாப்பிட்டு, சாயங்காலம் கல் தொட்டியில் இறங்கிப் பழத்தை மிதிக்கலாம். ஒருவருக்கு 100 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். சின்ன வயதில் அப்பா தோட்டத்தில் கூலியில்லாமல் பார்த்த வேலைக்கு இருபதாயிரம் கட்டுவதா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். கல்தூணும் கம்பிப் பந்தலும் போட்டுத் தலைக்கு மேல் குலை தொங்கும் தோட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு, இடுப்புயரச் செடியில், அடுக்குப்பாறைச் சரிவில், குனிந்து வெட்டும் அறுவடை வேறு உலகம். 1756-இலேயே இந்தப் பகுதிக்கு எல்லை வரையறுத்து, இங்கே விளைவதுதான் போர்ட் ஒயின் என்று அரசு வகுத்துவிட்டது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-இல்தான் வந்தது. படகு, அருங்காட்சியகம் என்று நான் வைத்த 33,000-இல் பெரும்பங்கு இதற்குப் போகட்டும், மற்றதை இலவசமாகப் பார்க்கலாம். பின்யாவ் ரயில் நிலையச் சுவரில் அறுவடைக் காட்சிகளை நீல ஓடுகளில் வரைந்திருக்கிறார்கள், அதற்கு டிக்கெட் கிடையாது.

ரயில் பற்றி ஒரு நல்ல செய்தி. போர்த்துகல் ரயில்வேயில் 65 வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம், வெளிநாட்டவருக்கும் உண்டு, பாஸ்போர்ட் காட்டினால் போதும். மேடத்துக்கு இன்னும் நான்கு ஆண்டு பாக்கி, அவருக்கு முழுக் கட்டணம். போர்ட்டோவிலிருந்து பின்யாவுக்கு முழு டிக்கெட்டே பன்னிரண்டு யூரோவை ஒட்டித்தான், இரண்டரை மணி நேரப் பயணம். போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான் வரும். (ஜன்னல் என்ற சொல்லே போர்த்துகீசியர் நமக்குத் தந்ததுதான், அங்கே ஜனேலா. சாவியும் அலமாரியும்கூட அப்படித்தான்.) ஒரு நாள் பாதை முடியும் பொசின்யு வரை போய்த் திரும்பினால் அதுவே ஒரு சுற்றுலா. தண்டவாள வேலை நடக்கும் காலத்தில் சில பகுதிக்கு ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் எடுக்கலாமா என்று மகன் கேட்பார். வேண்டாம். வலது பக்க ஓட்டம், குறுகலான மலைப்பாதை. 20 நாள் வாடகை, எரிபொருள், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் யூரோவைத் தொடும். பிணைத் தொகையாகக் கிரெடிட் கார்டில் ஒரு பெரிய தொகையையும் முடக்கி வைப்பார்கள். மேலே இருக்கும் கிராமங்களுக்கு ஐந்தாறு முறை டாக்ஸி பிடித்தாலும் அதில் கால்வாசி ஆகாது. ஃபவாயுஷ் என்ற ஊருக்கு மட்டும் கட்டாயம் போய் வாருங்கள். அங்கே ரொட்டியும் மஸ்கட்டல் ஒயினும் பேர்போனவை. உங்கள் பன்னீர் திராட்சையின் உண்மையான பெயர் மஸ்கட் ஹாம்பர்க், அவர்களுடையது வெள்ளை மஸ்கட். இரண்டும் ஒரே வகையறா, மோந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். ஃபாரக்ஸ் கார்டில் ஒரே நாளில் முழுத் தொகையையும் ஏற்றாதீர்கள். மே, ஜூலை, செப்டம்பர் என்று மூன்று தவணையாக ஏற்றினால் யூரோவின் ஏற்ற இறக்கம் கொஞ்சம் சமனாகும். யூரோ எங்கே போகும் என்று கணித்து ஏற்றுவது நம் வேலையல்ல, என் வேலையும் அல்ல. சாதாரண டெபிட் கார்டைத் தேய்த்தால் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. அவசரத்துக்கு மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பணம் எடுக்க மல்ட்டிபாங்கோ என்று எழுதிய வங்கி ஏடிஎம்களைத் தேடுங்கள். எந்த மெஷினாவது ‘ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா’ என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். விமான நிலையத்தில் ஒரு முறை தூக்கக் கலக்கத்தில் ரூபாயை அழுத்திவிட்டு, இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசை நானே விட்டிருக்கிறேன். கிராமக் கடைகளில் சில இடங்களில் வெளிநாட்டுக் கார்டு எடுக்காது, அதனால் எப்போதும் நூறு யூரோ நோட்டாக இருக்கட்டும். போர்ட்டோவில் தங்கும் வரி என்று ஒருவருக்கு இரவுக்கு 3 யூரோ தனியாக வாங்குவார்கள், அது வாடகையில் தெரியாது.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு கேட்கிறார்கள், அதையே உச்சமாக எடுத்துக்கொண்டு மலிவான பாலிசி வாங்குபவர்கள் அதிகம். உங்கள் வயதில் அதைவிடப் பெரிய தொகைக்கு எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கிளைம் நிற்காது. நம் அரசு ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு கடல் கடந்து வராது. அதோடு, ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஓய்வூதியர் நேர்காணல் உங்களுக்கு எந்த மாதம் என்று பாருங்கள். பயண நாளில் மாட்டினால் முன்கூட்டியே வழி செய்துகொள்ள வேண்டும்.

சரி, பணம் எங்கிருந்து? இந்த மாதமே 25,000 ரூபாய்க்கு 12 மாத ரெக்கரிங் டெபாசிட் தொடங்குங்கள். உங்கள் மாத மிச்சத்தில் அதன் பிறகும் 9,500 இருக்கும், மொய்க்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போதும். அடுத்த ஆகஸ்டில் அது வட்டியோடு 3.1 லட்சமாக வரும், அங்கே ஆகும் செலவுக்கு அதுதான். மூன்று எஃப்டி ரசீதில் சின்னதான 3 லட்சத்தை விமானம், விசா, காப்பீடு, வீட்டு முன்பணம் என்று ஏப்ரலுக்கு மேல் வரும் செலவுக்கு ஒதுக்குங்கள். வட்டியோடு சேர்த்து இரண்டும் 6.3 லட்சம் ஆகும், குறையும் இருபதாயிரத்தை மிச்சமே அடைத்துவிடும். முதலில் வைக்க வேண்டிய ஃபாரக்ஸ் தவணை ரெக்கரிங் முடியும் முன் வருகிறதே என்று கேட்பீர்கள். மே, ஜூலைத் தவணைகளைச் சின்னதாக அந்த எஃப்டி பணத்திலேயே வைத்து, பெரியதைச் செப்டம்பருக்கு விடுங்கள்.

6, 5 லட்ச ரசீதுகள் உங்கள் ஆபத்துக்கால நிதி. அவற்றைத் தொடாதீர்கள். மியூச்சுவல் ஃபண்டும் அப்படியே இருக்கட்டும். ஒருவேளை யூரோ எகிறி இன்னும் அரை லட்சம் தேவைப்பட்டால் அதிலிருந்து எடுக்கலாம், ஒரு நிதியாண்டில் நீண்டகால லாபம் 1.25 லட்சம் வரை வரியில்லை.

திரும்பி வரும்போது ஒருவர் 2 லிட்டர் வரை ஒயின் தீர்வை இல்லாமல் கொண்டு வரலாம். நீங்கள் இருவரும் குடிப்பவர்கள் இல்லை என்றாலும் ஃபவாயுஷ் மஸ்கட்டல் ஒரு பாட்டில் வாங்கினால் ஊரில் பழைய தோட்டக்காரர்களுக்கு மோந்து பார்க்கவாவது ஆகும். துணியில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள்.

அந்த 3 லட்ச ரசீது எந்தத் தேதியில் முதிர்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தானாகப் புதுப்பிக்கும்படி போட்டிருந்தால் நாளைக்கே வங்கிக்குப் போய் அதை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதிர்வு மே மாதத்தைத் தாண்டி வருகிறது என்றால் முன்கூட்டியே உடைக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அதைவிட அதே ரசீதை அடகாக வைத்து நாலு மாதத்துக்கு ஓவர்டிராஃப்ட் கடன் எடுப்பது மலிவாக இருக்கலாம், பார்த்துச் சொல்கிறேன்.